கடைக்குப் போயிருக்கா

ஜூலை 4

டைப்பு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மாட்டேன். என் நலத்தை நீ வந்து பார்க்கவில்லை. உன் நலத்தை அறிய எனக்கும் இப்போதைக்கு ஆவல் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் என் கோபம் பாதியாகிவிடும். எனக்கு அது முழுசாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இங்கே துணி துவைக்கிற அம்மாவிடம் பேனாவும் தாளும் வாங்கி எழுதுகிறேன். தபாலில் சேர்ப்பதும் அந்த அம்மாதான்.

இந்த இல்லத்தைப் பார்க்க நீயும் நானும் சேர்ந்துதானே வந்தோம்? மேலாளர் மூன்று இடத்தையும் சுற்றிக் காட்டினார். தோட்டத்தை ஒட்டித் தனி வீடுகள். ஒரு அறை, ஒரு சின்னச் சமையல் மேடை, வாசல் சாவி நம் கையில். விழுந்தால் அழுத்த ஒரு மணி, அவ்வளவுதான். நடு மாடியில் உதவிப் பகுதி. குளிக்க, மாத்திரை எடுக்க, எழுந்து நடக்க ஆள் உண்டு, மற்றபடி அவரவர் பாடு அவரவருக்கு. மூன்றாம் மாடி மறதிப் பகுதி. அந்தக் கதவைப் பார்த்ததுமே உன் காதில் சொன்னேன், "இது ஆளுக்குப் போட்ட கதவு இல்லைம்மா, சாமானுக்குப் போட்டது" என்று. நீயும் சிரித்தாய். தனி வீடு போதும் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். குளியலறையில் விழுந்த பிறகு, இனி ஒண்டியாக இருப்பது சரிப்படாது என்று முதலில் சொன்னதும் நான்தான். யாரும் என்னைத் தரதரவென்று இழுத்து வரவில்லை.

"ரெண்டே நாளுப்பா, கீழ ரூம் ரெடியாகுற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இன்றோடு ஒன்பது நாள். நான் இருப்பது மூன்றாம் மாடி.

நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். இந்த மாடியில் மட்டும் லிஃப்ட் பட்டனைச் சாகடித்து வைத்திருக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் நான்கு எண்ணை அழுத்தினால்தான் கதவு திறக்கும். அந்த நான்கும் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, விரல் போகிற போக்கைப் பார்த்தால் போதாதா? இந்த நிமிஷம் நினைத்தாலும் இறங்கிப் போய்விடலாம். ஆனால் திருடன் மாதிரி எதற்குப் போக வேண்டும்? கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தேன், கையெழுத்துப் போட்டே வெளியே போகிறேன்.

பக்கத்து அறையில் ஒரு தையல்காரர். தினமும் காலையில் வந்து ஜாண் போட்டு என் தோளை அளந்துவிட்டு, "நாளைக்கு ரெடி சார், கண்டிப்பா" என்கிறார். உலகத்தில் எல்லாத் தையல்காரர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்! இவருக்கு மட்டும் மறதி என்று எதை வைத்துக் கண்டுபிடித்தார்களோ.

எங்கோ தாள் மாறிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். வேறு யாருடைய கோப்பிலோ என் பெயரை ஒட்டிவிட்டார்கள். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சீக்கிரம் வா.

அப்பா


ஜூலை 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று தடவை போன் செய்தேன். "சார் பேச மாட்டாராம்" என்றார்கள். சரி, கடிதமே எழுதுகிறேன்.

தாள் எதுவும் மாறவில்லை அப்பா. தனி வீடுகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. உதவிப் பகுதியிலும் இப்போது இடம் இல்லையாம். மதிப்பீடு செய்ய ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார்களே, கண்ணாடி போட்டவர், அவர்தான் உங்களுக்கு எந்தப் பகுதி பொருந்தும் என்று முடிவு செய்தார். முடிவு அவர்களுடையது. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.

மூன்றாம் மாடி மோசமான இடம் இல்லையே. நர்ஸ் எப்போதும் இருக்கிறார். வேளாவேளைக்கு சாப்பாடு, மாத்திரை. குளியலறையில் வழுக்காத தரை. நீங்கள் ஐந்து மணி நேரம் ஈரத் தரையில் கிடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள்தான் அதைச் சிரிப்புக் கதையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

ஜூலை 30 காலை பத்து மணிக்கு மறுமதிப்பீடு இருக்கிறது. புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒரு மாதத்தில் அது உண்டாம். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் ஷேவிங் செட்டும் அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதீர்கள், பிரஷர் ஏறும். உங்கள் மாப்பிள்ளை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

கோர்ட்டில் இந்த வாரம் பெரிய வழக்கு. நாள் முழுக்கத் தட்டச்சு, நீங்கள் 'டைப்பு' என்று பேர் வைத்தது சும்மாவா. அதனால்தான் வர முடியவில்லை.

உங்கள் மகள்


ஜூலை 13

டைப்பு,

மேலாளர் இந்த மாடிக்கு வந்தபோது என் கோப்பைக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு சார் அதெல்லாம்?" என்றார். "மேல எழுதியிருக்கிறது என் பேர்தானே?" என்றேன். பாவம், நல்ல மனுஷன், எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நீ படித்திருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று என்ன கிழமை என்ற கேள்விக்கு என் பதில்: "ரிட்டயர் ஆனவனுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான்." பக்கத்தில் அந்தக் கண்ணாடிக்காரம்மாவின் குறிப்பு: கிழமை தெரியவில்லை.

நாட்டை ஆள்வது யார் என்ற கேள்விக்கு: "அந்தப் பேரைச் சொன்னா வாய் கொப்பளிக்கணும்." குறிப்பு: பெயர் நினைவில் இல்லை.

மனைவி எங்கே என்ற கேள்விக்கு: "கடைக்குப் போயிருக்கா. வந்துருவா." குறிப்பு: இறந்த மனைவி உயிரோடு இருப்பதாக நம்புகிறார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முதல் இரண்டுக்கும் என் வாய்க்கொழுப்புதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். புது ஆளிடம் நக்கல் எதற்கு? மூன்றாவதை நக்கல் என்று நீ சொல்லுவாயா?

உன் அம்மா பல்பு வாங்கக் கடைக்குப் போனாள். கூடத்து விளக்கு போய்விட்டது, நான் ஏணியைப் போட்டு மேலே நின்றுகொண்டிருந்தேன். "கால் மணி நேரம், இறங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருமுனையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆள் வந்து சொல்லும்போது நான் ஏணியில்தான் இருந்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு வாயில் வருவது அந்த ஒன்றுதான். நீயும் அதைச் சொன்னவள்தானே! உன் மாமியார் வீட்டில் தூரத்து உறவுக்காரர் யாரோ கேட்டபோது, "அம்மா கடைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அழுதோம். அதில் சிரிப்பு எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

கோப்பின் கடைசி வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "உடனிருந்த உறவினர்: மகள். மறுக்கவில்லை."

அந்த அம்மா என்னை அன்றுதான் பார்த்தாள், அவளுக்கு என்ன தெரியும்? நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். "சும்மா சொல்றாரு மேடம்" என்று மூன்று வார்த்தை போதுமே. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்? நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வேறு யார் வீட்டுக் கதையோ என்று இருந்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முப்பதாம் தேதி வா. அந்த அம்மா முன்னால் உட்கார். அது எங்கள் வீட்டுப் பேச்சு, எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். மறதிக்காரன் எவனாவது எனக்கு மறதி என்று ஒப்புக்கொண்டிருக்கிறானா? நீ சொன்னால்தான் எடுபடும். இல்லையென்றால் நான் இங்கேயே தையல்காரருக்குத் தோளைக் காட்டிக்கொண்டு கிடந்து சாக வேண்டியதுதான்.

அப்பா


ஜூலை 18

அப்பா,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் பொய் எழுதியிருந்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன்.

தெரியும் அப்பா. நீங்கள் வாயைத் திறந்ததுமே தெரியும். எனக்குச் சிரிப்புகூட வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது வருஷமாக என் வேலையே அதுதானே. சாட்சி என்ன சொன்னாரோ அதை அப்படியே தட்ட வேண்டும். அழுதுகொண்டே சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று எழுத இடம் கிடையாது. வார்த்தைதான் கணக்கு, தொனி கணக்கில்லை. அன்றைக்கும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் பொய். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் என் அப்பா இல்லையே.

மதிப்பீட்டுக்கு முதல் நாள் மேலாளர் எனக்குப் போன் செய்தார். தனி வீட்டுக்கு ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும், உதவிப் பகுதிக்கு எட்டு மாதம், மறதிப் பகுதியில் மட்டும் உடனே இடம் இருக்கிறது என்றார். ஆனால் அதற்கு மதிப்பீடு ஒத்து வர வேண்டும் என்றார். நான் எதையும் திட்டம் போடவில்லை. சத்தியமாக. ஆனால் நீங்கள் ஒவ்வொன்றாக நக்கலடிக்க அடிக்க, அந்த அம்மா எழுத எழுத, தடுக்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. கதவைத் தள்ளியது நீங்கள். நான் பிடிக்காமல் விட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் விழுந்த அன்று என் போன் கோர்ட் வாசலில் இருக்கிற பெட்டிக்குள் கிடந்தது. மதியம் எடுத்துப் பார்த்தால் உங்களிடமிருந்து நான்கு அழைப்பு. ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன். கதவைத் திறந்தபோது என்ன சொன்னீர்கள் நினைவிருக்கிறதா? "வாங்க மேடம், தரை நல்லா ஜில்லுன்னு இருக்கு, நீங்களும் படுங்க." உதடு நீலம் பாரித்திருந்தது, அப்போதும் ஜோக்கு. அதற்கப்புறம் மூன்று மாதம் நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுத்தேன். நீங்கள் எடுக்கத் தாமதமானால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். நீங்கள் மூன்றாம் மாடிக்குப் போன அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. அம்மாவைப் பற்றிய அந்தப் பேச்சு எனக்குப் பிடித்ததே இல்லை. நீங்கள் சொன்னீர்கள், நானும் கூடச் சொன்னேன். ஆனால் அம்மா செத்துவிட்டாள் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளாவது உங்களிடம் சொல்லி அழ முடிந்ததா? நான் ஆரம்பித்தாலே நீங்கள் கடைக்குப் போன கதைக்குப் போய்விடுவீர்கள். நானும் அவள் பெற்ற பிள்ளைதானே?

முப்பதாம் தேதி வருவது பற்றி யோசிக்கிறேன். அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து, தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? தினமும் மற்றவர்கள் சத்தியம் செய்வதைப் பார்த்துத் தட்டுகிறவள் நான்.

உங்கள் மகள்


ஜூலை 21

யோசிக்கிறாயா!

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கடிதத்தைக் கிழிக்கலாம் என்று இருந்தது. இரண்டாம் தடவை உன்னைப் பெற்ற வயிறு இதைப் படிக்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

பயந்தாய் என்கிறாய். சரி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நான் போனதும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முதலில் சொல்வது, "பயப்படாதீங்க, ஆள் வந்தாச்சு." அதைக் கேட்டாலே உள்ளே இருக்கிறவருக்கு மூச்சு வந்துவிடும். கதவு திறப்பதெல்லாம் பிறகு. நீ பயந்தால் என்னிடம் வந்து பயந்திருக்கக் கூடாதா? "அப்பா, கீழ இடமில்லை, எனக்குத் தூக்கமில்லை, எட்டு மாசம் மேல இருங்க" என்று கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேனே. கேட்டால் கொடுத்திருப்பேன், நீ எடுத்துக்கொண்டாய்.

வருவாயா, மாட்டாயா? ஒற்றை வரியில் எழுது. வியாக்கியானம் வேண்டாம்.


ஜூலை 24

வருகிறேன் அப்பா. பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவேன்.


ஜூலை 30

அப்பா,

நான் வந்தேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் வந்தேன். ஒன்பதரைக்கே வந்து வரவேற்பறைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

லிஃப்டுக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. ஒரு நர்ஸ், "மேல போறீங்களா மேடம்?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க போங்க, ஒருத்தர் வரணும்" என்றேன். யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

சொல்வதற்கு வெட்கம் என்று முன்பு எழுதினேன். அது மட்டும் இல்லை. நீங்கள் ஜெயித்துவிடுவீர்களோ என்று பயம். நான் போய் உண்மையைச் சொல்லி, அவர்கள் உங்களை வெளியே விட்டு, கீழே இடமில்லாமல் நீங்கள் மறுபடியும் அந்த வீட்டுக்கே போய், மறுபடியும் அந்தக் குளியலறையில்... அதற்கு மேல் நினைக்கவே முடியவில்லை. பத்து நாற்பது வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து கோர்ட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்கு நான் தட்டியதில் பக்கத்துக்குப் பத்துத் தப்பு.

என்னை மன்னிக்க வேண்டாம். என்ன முடிவானது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 5

டைப்பு,

முடிவு கேட்டிருந்தாய்.

அன்றைக்குக் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு ஒன்பதேகாலுக்கே தயாராக உட்கார்ந்துவிட்டேன். தையல்காரர் வந்து அளந்தபோதுகூட, "இன்னைக்கு வேணாம் சார், என் பொண்ணு வரா" என்று பெருமையாகச் சொன்னேன். கண்ணாடிக்காரம்மா பத்துக்கு வந்தாள். "என் மகள் வந்துடட்டும்" என்றேன். பத்தரை வரைக்கும் பொறுத்தாள், நல்ல பொம்பளை. பிறகு, "எனக்கு அடுத்த இடத்துக்குப் போகணும் சார்" என்றாள். நீ என் காலுக்குக் கீழே மூன்று மாடி தள்ளி உட்கார்ந்திருந்தாய் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நீ வராமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கிழமை கேட்டாள். புதன் என்றேன். தேதி, மாதம், வருஷம் சொன்னேன். நாட்டை ஆள்கிறவர் பெயரை முழுசாகச் சொன்னேன், மரியாதையோடு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், கழித்தேன். நக்கல் ஒன்றுகூட இல்லை, பாதிகூட இல்லை. நல்ல பிள்ளையாக இருந்தேன்.

அப்புறம், "உங்க மனைவி எங்க சார்?" என்றாள்.

எனக்குத் தெரியும், இதுதான் கதவு. நீ பக்கத்தில் இருந்திருந்தால் நான் என் பாணியில் சொல்லியிருப்பேன், நீ அதற்கு அர்த்தம் சொல்லியிருப்பாய். அதற்காகத்தானே உன்னை வா வா என்று கூப்பிட்டேன். நாற்காலி காலியாக இருந்தது. "இறந்துட்டா" என்றேன்.

அவள் விடவில்லை. எந்த வருஷம், எந்த மாதம், எப்படி, எங்கே என்று வரிசையாகக் கேட்டாள். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தெருமுனை, சாயங்காலம், நெஞ்சுவலி. "ரொம்பக் கரெக்டா சொல்றீங்க சார்" என்று டிக் போட்டாள். பதினோரு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை, சம்பந்தமே இல்லாத ஒரு அம்மாவிடம், பரீட்சையில் பாஸாவதற்காகச் சொன்னேன். அவள் போன பிறகு ரொம்ப நேரம் அழுதேன். தையல்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் எதுவும் அளக்கவில்லை.

நீ எழுதியதில் ஒன்று சரி. உன்னை நான் அழ விடவில்லை. என் வாயை அடைக்க நான் வைத்த கல் உன் வாயையும் அடைத்திருக்கிறது, எனக்கு அது உறைக்கவே இல்லை. அது என் தப்பு. ஆனால் அதற்கு நீ என்னோடு சண்டை போட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கி அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டாம். இனிமேல் அது எனக்கும் வாயில் வராது.

மறதி இல்லை என்று எழுதிவிட்டார்கள். மறதி இல்லாதவரை அந்த மாடியில் வைக்கக்கூடாது என்பது அவர்கள் விதியாம், அதனால் உதவிப் பகுதியில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். எட்டு மாதம் என்றது எப்படி எட்டு நாளுக்குள் ஆனதோ, நான் கேட்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, கழுத்தில் மணி தொங்குகிறது. நீ பயப்பட வேண்டாம், நன்றாகத் தூங்கு. பழைய வீட்டுக்கு நான் போகவில்லை.

நேற்று ஒரு தாள் கொடுத்தார்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று. உன் பெயரையும் எண்ணையும்தான் எழுதினேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். அதை நிரப்பத்தான் கொஞ்சம் நேரமானது. தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறேன். தப்பில்லையே? எல்லாம் தெரிந்தவள்தானே நீ.